நரை, திரை, மூப்பு

சித்த மருத்துவத்தில் 'நரை, திரை, மூப்பு' என்று மூன்றையும் சேர்த்தே சொல்வார்கள். நரையும் மூப்பும் எல்லோருக்கும் தெரியும். திரை என்றால்? தோலில் விழும் சுருக்கம்தான். அதைத் தள்ளிப்போடச் சித்தர்கள் சொன்ன வழி காயகற்பம். நெல்லி, கடுக்காய், கரிசாலை எல்லாம் அதில் வரும்.

எங்கள் தென்காசிப் பக்கம் எண்ணெய்க்குத் தனி மரியாதை. குற்றாலநாதருக்கே மூலிகைத் தைலத்தில் அபிஷேகம் உண்டு. திருமாலாக நின்றவரை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கம் ஆக்கினாராம், அதனால் வந்த தலைவலிக்கு வைத்தியம்! அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வரும் தாத்தா, பாட்டிகளின் முகம் பளபளக்கும். எண்ணெய் தோலின் ஈரத்தைக் காப்பதால் மெல்லிய கோடுகள் கொஞ்ச நேரம் மறையும். ஆழமான திரை போகாது.

ஐரோப்பாவில் கத்தியை எடுத்தார்கள். 1901-ல் பெர்லினில் ஹாலண்டர் என்ற மருத்துவர் ஒரு பெண்மணியின் முகத்தோலை இழுத்துத் தைத்ததுதான் முதல் 'ஃபேஸ்லிஃப்ட்' என்பார்கள். ஆனால் தொளதொள சட்டையைப் பிடித்துத் தைத்தால் அளவு சரியாகுமே தவிர, வெளுத்த துணி புதுசாகுமா? தோலும் அப்படித்தான். வெயிலால் வந்த கரும்புள்ளியும், வாயைச் சுற்றிய கோடும் அப்படியே இருக்கும். அதனால்தான் அறுவை செய்துகொண்ட முதியவர்கள் பலர் பிறகு தோல் மருத்துவரிடமும் போகிறார்கள்.

கத்தியில்லாத வழிகளின் கதை இன்னும் சுவாரஸ்யம். ஜெர்மனியில் உன்னா என்ற தோல் மருத்துவர் 1882-லேயே அமிலங்களால் மேல்தோலை உரிக்கும் முறையை எழுதிவைத்தார். போடாக்ஸ் முதலில் மாறுகண்ணுக்கான மருந்து. கனடாவில் கண் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டபோது புருவ நடுவிலிருந்த கோடு மறைவதை கேருதர்ஸ் தம்பதியர் கவனித்தார்கள். 2002-ல் அமெரிக்கா அதை அழகு சிகிச்சைக்கு அனுமதித்தது. புள்ளி புள்ளியாகச் சுட்டுத் தோலை ஆறவைக்கும் 'ஃபிராக்ஷனல்' லேசர் 2004-ல் அறிமுகமானது.

முகப்பருவுக்கு வந்த டிரெட்டினாயின் களிம்பு, வெயிலில் முதிர்ந்த தோலைச் சீராக்குவதை 1986-ல் கிளிக்மன் குழு வெளியிட்டது. இதே கிளிக்மன், 1951 முதல் 1974 வரை ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் பல பரிசோதனைகள் நடத்தியவர். அதற்காக பிலடெல்பியா நகரம் 2022-ல்தான் மன்னிப்புக் கேட்டது. இன்றைய தோல் மருத்துவ அறிவில் ஒரு பங்கு அந்தக் கைதிகளின் முதுகில் எழுதப்பட்டது. இதையும் வரலாற்றில் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அறுவையில் தோலை அடியிலிருந்து பிரித்துத்தான் இழுக்கிறார்கள். அங்கே ரத்த ஓட்டம் தேறும் முன் ஆழமாக உரிப்பதோ லேசரோ ஆபத்து. எப்போது செய்யலாம் என்பதை அறுவை செய்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும், பியூட்டி பார்லர் அல்ல.

இத்தனைக்கும் முகத்தில் விழும் திரைக்குப் பெரும் காரணம் வெயில். அதை மட்டும் எந்தச் சிகிச்சையும் நிறுத்தாது. அம்பதாயிரம் செலவழிக்கும் முன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் கையில் ஒரு குடையைக் கொடுப்போம்.