பிளஸ் டூ லேப் கம்பியும் ஒரகடம் மெஷினும்

இந்த எபிசோட் ஒரு சின்னக் கருவியோட வரலாறு. ஆனா அதை எங்க வீட்டுல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

நான் வளர்ந்தது வாலாஜாபாத்ல. எங்க ஊர்ல விடியற்காலையில நீங்க முதல்ல பார்க்கிறது கம்பெனி பஸ்ஸைத்தான். வண்டலூர் ரோட்டுல ஒரகடம் பக்கம் வரிசையா போகும். என் சித்தப்பாவும் அப்படி ஒரு பஸ்ல ஏறிப் போனவர்தான். கார் கம்பெனிகளுக்குப் பிளாஸ்டிக் பாகம் செஞ்சு கொடுக்கிற ஒரு வெண்டார் கம்பெனியில இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின் ஆபரேட்டர். கான்ட்ராக்ட் ஆள்.

ஒரு தடவை பத்து நாள் அவர் மெஷின்ல பீஸ் சரியா வரல. ஒரு பீஸ் முழுசா நிரம்பாம வரும், அடுத்த பீஸ் ஓரத்துல பிசிறு தள்ளிக்கிட்டு வரும். செட்டிங்கை அவர்தான் மாத்திட்டார்னு சூப்பர்வைசர் சொன்னார். "நான் கை வைக்கல சார்"னு இவர் சொன்னது எடுபடல. ரெண்டு நாள் சம்பளம் பிடிச்சாங்க. சத்தியமா நான் அவரை நம்பலைன்னு இன்னிக்கு ஒத்துக்கிறேன். அப்போ நான் இன்ஜினியரிங் படிச்சிட்டு இருந்தேன். ஸ்கிரீன்ல நம்பர் சரியா இருக்குன்னா ஆள்தான் தப்பு பண்ணியிருக்கணும்னு நினைச்சேன்.

உண்மையில என்ன நடந்ததுன்னு புரியணும்னா 1841-க்குப் போகணும்.

பிளஸ் டூ பிசிக்ஸ் பிராக்டிகல் ஞாபகம் இருக்கா? மரப்பலகையில பத்து மீட்டர் கம்பியைப் பத்து வரிசையா கட்டியிருப்பாங்க. தொடுசாவியைக் கம்பி மேல அழுத்தி அழுத்தி நகர்த்துவோம். கால்வனாமீட்டர் முள் சைபருக்கு வர்ற இடம்தான் சமன்செய் நீளம். லெக்லாஞ்சி செல்லுக்கு ஒரு நீளம், டேனியல் செல்லுக்கு ஒரு நீளம், ரெண்டையும் வகுத்தா ஆன்ஸர். அந்தக் கருவிதான் மின்னழுத்தமானி, பொட்டன்ஷியோமீட்டர்.

அதுக்குப் பின்னாடி இருக்கிற யோசனை பெர்லின்ல இருந்த யோஹான் கிறிஸ்டியன் போகெண்டார்ஃப் என்பவருடையது. அந்தக் காலத்துல ஒரு பேட்டரியோட மின்னழுத்தத்தை அளக்கப் போனாலே சிக்கல். அளக்கிறதுக்குக் கரண்ட் எடுத்தா பேட்டரிக்குள்ள இருக்கிற தடையில கொஞ்சம் மின்னழுத்தம் விழுந்துடும். அளக்கிற செயலே அளவைக் கெடுத்துடும். அவர் 1841-ல் இதுக்கு ஒரு வழி சொன்னார்: எதிர்ப்பக்கம் இருந்து இன்னொரு மின்னழுத்தத்தைக் கொடு, ரெண்டும் சமமாகிற இடத்தைக் கண்டுபிடி. அந்த இடத்துல பேட்டரியில இருந்து கரண்டே வராது. அப்போ கிடைக்கிறதுதான் உண்மையான அளவு.

அடுத்து இதைக் கையில எடுத்தவங்க தந்தித் துறைக்காரங்க. லாட்டிமர் கிளார்க் என்ற ஆங்கிலேய தந்திப் பொறியாளர் இந்தக் கருவியை மேம்படுத்தி, பொட்டன்ஷியோமீட்டர்ங்கிற பேரையும் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார். கராச்சியை பாரசீக வளைகுடா வழியா ஐரோப்பாவோட இணைக்கிறதுக்காக 1864-ல் போட்ட கடலடித் தந்திக் கம்பி வேலையிலும் அவர் பங்கு உண்டு. கடலுக்கு அடியில கிடக்கிற கம்பியை எட்டிப் பார்க்க முடியாது. கரையில இருந்து எடுக்கிற அளவை நம்பித்தான் எல்லாமே.

இப்போதான் கதையில திருப்பம். லேப்ல நாம நீளத்தை வச்சு மின்னழுத்தத்தைக் கண்டுபிடிச்சோம். அதையே தலைகீழாத் திருப்பினா? கம்பியோட ரெண்டு முனைக்கும் தெரிஞ்ச ஒரு மின்னழுத்தம், உதாரணத்துக்கு 10 வோல்ட் கொடுங்க. மேல நகர்ற தொடுமுனையில 5 வோல்ட் வந்தா, அது சரிபாதியில நிக்குது. 2.5 வந்தா கால்வாசியில. மின்னழுத்தத்தை வச்சு நீளத்தைச் சொல்லிடலாம். இதுதான் லீனியர் பொட்டன்ஷியோமீட்டர்.

அமெரிக்காவுல ஆர்னால்ட் பெக்மன் 1930-கள்ல பிஎச் மீட்டர் செஞ்சவர். அதுல துல்லியமா திருகுற ஒரு குமிழ் அவருக்குத் தேவைப்பட்டது. தடைக் கம்பியைச் சுருளா சுத்தி, பல தடவை திருப்புற மாதிரி ஒண்ணு செஞ்சார். பேரு ஹெலிபாட். நம்ம லேப்ல பத்து வரிசையா மடிச்ச கம்பியை அவர் சுருட்டி ஒரு டப்பாக்குள்ள வச்சுட்டார்னு வச்சுக்கோங்க. இரண்டாம் உலகப் போர்ல ரேடாருக்கு அது பெரிய அளவுல தேவைப்பட்டது. கம்பி சுத்தின வகையில ஒரு குறை: தொடுமுனை ஒரு சுத்துல இருந்து அடுத்த சுத்துக்குத் தாவித் தாவித்தான் போகும். பின்னாடி கரண்ட் கடத்துற பிளாஸ்டிக் பட்டை வந்ததும் அந்தத் தாவல் போய் வழுவழுன்னு ஆச்சு.

இது எப்படி நம்ம ஊருக்கு வந்தது? ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில 1998-ல் சான்ட்ரோவை இறக்கினது. ரெனோ-நிசான் 2010-ல் ஒரகடத்துல ஆலை திறந்தது. அடுத்த சில வருஷத்துல டைம்லர், ராயல் என்ஃபீல்டு. ஒவ்வொரு வண்டிக்கும் டேஷ்போர்டு, பம்பர், கிளிப்புன்னு எத்தனையோ பிளாஸ்டிக் பாகம். அதனால வெண்டார் கம்பெனிகளும் மோல்டிங் மெஷினும் பெருகினது. மோல்டிங் மெஷின் செய்ற ஆலையே இந்த வட்டாரத்துல இருக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செட்டிப்பேட்டுல எல் அண்ட் டி நடத்தின ஆலை 2012-ல் தோஷிபா மெஷின் கைக்குப் போச்சு. 2020-ல் அது ஷிபௌரா மெஷின்னு பேர் மாறினது.

இந்த மாதிரி மெஷின்ல, குறிப்பா ஹைட்ராலிக் மெஷின்கள்ல, பக்கவாட்டுல ஒரு நீளமான அலுமினியக் குச்சி மாதிரி இருக்கும். ஷாப் ஃப்ளோர்ல அதை 'ஸ்கேல்'னுதான் சொல்வாங்க. உருகின பிளாஸ்டிக்கைத் தள்ளுற ஸ்க்ரூ எங்க இருக்குன்னு கண்ட்ரோலருக்குச் சொல்றது அதுதான். கரண்ட் போயிட்டு வந்தாலும், வந்த அடுத்த நொடியே "நான் இங்க இருக்கேன்"னு சொல்லிடும். விலையும் குறைவு. 500 மில்லிமீட்டர் ஸ்கேலை 12 பிட் கன்வெர்ட்டர்ல படிச்சா 4096 படி, ஒரு படி சுமார் 0.12 மில்லிமீட்டர். இதுலயும் தொடுமுனையில இருந்து கரண்ட் எடுக்கக் கூடாது, எடுத்தா அளவு கோணும். 1841-ல் சொன்ன அதே விதி.

ஆனா உரசுற எதுவும் தேயும். ஸ்க்ரூ ஒவ்வொரு ஷாட்டுலயும் கடைசியில ஏறக்குறைய ஒரே இடத்துல வந்து நிக்கும். அங்க அழுத்தம் பிடிச்சுக்கிட்டு லேசா அதிரும். நாள் பூரா, வருஷம் பூரா அதே சில மில்லிமீட்டர். பட்டை அங்கதான் முதல்ல தேயும். வேகமா நிரப்புறதுல இருந்து அழுத்திப் பிடிக்கிறதுக்கு மாற வேண்டிய இடமும் அதுக்குப் பக்கத்துலயே இருக்கு. அங்க அளவு குதிச்சா மெஷின் சில சமயம் சீக்கிரம் மாறும், சில சமயம் லேட்டா மாறும். சீக்கிரம் மாறினா பீஸ் நிரம்பாது. லேட்டானா பிசிறு.

சித்தப்பாவுக்கு நடந்தது இதுதான். பத்தாவது நாள் சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். முள் வச்ச பழைய மல்டிமீட்டரை ஸ்கேல்ல மாட்டி, ஸ்க்ரூவை மெதுவா நகர்த்தச் சொன்னார். முள் சீரா ஏறிக்கிட்டே வந்து, ஒரு இடத்துல மட்டும் வெடுக்குனு விழுந்து எழுந்தது. மறுபடி நகர்த்தினாலும் அதே இடம். புது ஸ்கேல் மாட்டினாங்க, பீஸ் சரியாச்சு. பிடிச்ச சம்பளம் மட்டும் திரும்பி வரல. யாரும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்ல.

இப்போ உரசாத சென்சார்கள் வந்துடுச்சு. காந்தத்தை வச்சு, தொடாமலே இடத்தைச் சொல்றவை. அவை தேயாது, ஆனா விலை அதிகம். அதனால பழைய ஸ்கேல் இன்னும் எத்தனையோ ஷெட்டுல ஓடிட்டுத்தான் இருக்கு.

நான் இப்போ பகல் பூரா டேஷ்போர்டு எழுதுறவன். ஒரு நம்பரைத் திரையில போடும்போதெல்லாம் அந்த முள் ஞாபகம் வருது. திரையில தெரியுற நம்பருக்குப் பின்னாடி எங்கேயோ ஒரு பட்டை தேஞ்சுக்கிட்டு இருக்கலாம். அந்த நம்பரை வச்சு யாரோ ஒருத்தரோட சம்பளத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி, ஒரு மல்டிமீட்டர் வச்சுப் பார்க்க பத்து நிமிஷம்தான் ஆகும்.

இந்த எபிசோடைப் பதிவு பண்றதுக்கு முன்னாடி சித்தப்பாவுக்கு போன் பண்ணி, அன்னிக்கு உங்களை நம்பாம போயிட்டேன்னு சொன்னேன். "அதை விடுடா, ஸ்கேல் மாத்தினாங்கல்ல"ன்னார்.

உங்க வீட்டுலயும் மெஷின் ஓட்டின யாராவது இருந்தா இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க, அவங்க கதையைக் கேட்டு எனக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.