நடையே மருந்தான வரலாறு

சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது. நின்றால் சில நிமிடங்களில் வலி அகல்கிறது. மீண்டும் நடந்தால் ஏறத்தாழ அதே தூரத்தில் அதே வலி. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இதனை முதுமை என்றே எண்ணி நடப்பதைக் குறைத்துக்கொள்கின்றனர். ஆனால், காலுக்குக் குருதி கொண்டு செல்லும் தமனி அடைபடுவதாலும் இவ்வலி தோன்றும். புகைப்பழக்கமும் இனிப்புநீரும் அதற்கு முதன்மைக் காரணங்கள்.

இக்குறியைத் தெளிவாக எழுதி வைத்த முன்னோடி ஒரு கால்நடை மருத்துவர் என்பது வியப்பிற்குரியது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த புலே என்பவர், சிறிது ஓடியதும் பின்கால் நொண்டி, ஓய்விற்குப் பின் இயல்பாக நடந்த ஒரு குதிரையைப் பற்றி 1831-இல் எழுதினார். அதன் கால் தமனிகள் அடைபட்டிருந்தன. மனிதரிடத்தும் இவ்வாறே நிகழ்கிறது என்று 1858-இல் காட்டியவர் சார்க்கோ. அவருடைய நோயாளி, உடலில் துப்பாக்கிக் குண்டு தங்கியிருந்த ஒரு முன்னாள் போர்வீரர்.

நடந்தால் வலிக்கும் காலுக்கு நடையையே மருந்தாகச் சொல்லத் துணிவு வேண்டும். ஜெர்மானிய நரம்பியல் அறிஞர் வில்ஹெல்ம் எர்ப் 1898-இலேயே அதன் பயனைக் குறித்தார். எனினும், முறையான ஒப்பீட்டுச் சோதனைக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. டென்மார்க்கின் லார்சன், லாசன் இருவரும் 1966-இல் வெளியிட்ட ஆய்வில் 14 நோயாளிகளே இருந்தனர். ஒரு பிரிவினர் நாள்தோறும் நடந்தனர். மறு பிரிவினர் மருந்தற்ற வெற்று மாத்திரை உண்டனர். நடந்தோரின் நடைத்திறனே உயர்ந்தது. இத்துணைச் சிறிய ஆய்வு இவ்வளவு பெரிய வழியைத் திறந்தது எனலாம்! 1995-இல் 21 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலியின்றி நடக்கும் தூரம் சராசரியாக 126 மீட்டரிலிருந்து 351 மீட்டராகப் பெருகியிருந்தது.

அடைப்பு கரைந்துவிடுவதில்லை. கிடைக்கும் உயிர்வளியைத் தசைகள் சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகுவதே பெருங்காரணமாகக் கருதப்படுகிறது. முறையும் எளியதே: வலி ஓரளவு மிகும்வரை நடத்தல், அது தணியும்வரை நிற்றல், மீண்டும் நடத்தல். ஓய்விலும் வலியுள்ளோரும் பாதத்தில் ஆறாப் புண்ணுள்ளோரும் மருத்துவரைக் காணாமல் இதனைத் தொடங்குதல் ஆகாது.

அமெரிக்காவில் மூத்தோருக்கான அரசுக் காப்புறுதித் திட்டம், 12 வாரங்களில் 36 முறை மேற்பார்வையுடன் நடக்கும் பயிற்சிக்குச் செலவேற்க 2017-இல்தான் இசைந்தது. எர்ப் எழுதி அப்போது 119 ஆண்டுகள் கடந்திருந்தன.