வாசியாது இடும் கையொப்பம்

கிரிப்டோ நாணயங்களைக் கைமாற்றும் பரிமாற்று நிலையமொன்றின் பாதுகாப்பென்பது அந்நாணயங்களை இயக்கும் இரகசியச் சாவிகளின் பாதுகாப்பேயாகும். சாவி பறிபோனால் நாணயமும் பறிபோகும். அதனை மீட்டுத்தர மத்திய வங்கியெதுவும் இல்லை.

2018 ஜனவரியில் ஜப்பானின் கொயின்செக் நிலையம் சுமார் 53 கோடி டொலர் பெறுமதியான நெம் நாணயங்களை இழந்தது. அவை இணையத்துடன் தொடர்புபட்ட நிலையிலேயே வைக்கப்பட்டிருந்தன. பலர் கையொப்பமிட்டாலன்றி நாணயம் நகராது என்ற ஏற்பாடும் அங்கு இருக்கவில்லை.

இவ்விரு காப்புகளும் இருந்தும், 2025 பெப்ரவரியில் பைபிட் நிலையத்தில் சுமார் 150 கோடி டொலர் பெறுமதியான ஈதர் களவாடப்பட்டது. கையொப்பமிடுவதற்கான மென்பொருளினுள் ஊடுருவியோர், திரையில் வழமையான கொடுக்கல் வாங்கலைக் காட்டி, வேறொன்றுக்கு ஒப்பம் பெற்றுக்கொண்டனர். இது வடகொரியாவின் கைவரிசையென அமெரிக்காவின் எப்.பி.ஐ. அறிவித்தது.

ஆகவே, பூட்டுகளைப் பெருக்குவது மாத்திரம் போதாது. தாம் உண்மையில் எதற்கு ஒப்பமிடுகின்றனர் என்பதைப் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் தனியானதொரு சாதனத்தில் சரிபார்த்தல் வேண்டும். அந்நடைமுறை உண்டா என வாடிக்கையாளரும் முதலிடுவதற்கு முன்னரே கேட்டறிதல் வேண்டும். வாசியாது உறுதிக்கு ஒப்பமிட்டுக் காணி இழந்தோரை நாம் அறிவோம். நாணயம் புதிதெனினும் நியதி பழையதே.