பாலாறு கட்டிய சராய்

சென்னை சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, எதிரிலுள்ள விடுதியொன்றில் மூட்டையை வைத்துவிட்டு, அடுத்த வண்டிக்கு அரைநாள் அவகாசம் இருக்கிறதே என்று ஊர் பார்க்கப் புறப்படும் பிரயாணிக்கு அதிக நடை வேண்டியதில்லை. 1873-ல் திறக்கப்பட்ட நிலையம், பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையார் நாடகங்கள் நடத்திய விக்டோரியா பொது மண்டபம், 1913 முதல் நகராண்மைக்கு இருப்பிடமான வெண்ணிற ரிப்பன் மாளிகை, 1985-ல் தீக்கிரையான மூர் மார்க்கெட் நின்ற இடம் ஆகிய யாவும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இவற்றின் சரித்திரத்தைச் சொல்லும் நூல்கள் கவர்னர்களின் பெயர்களையும் சிற்பிகளின் பெயர்களையும் தவறாமல் குறிப்பிடுகின்றன. பிரயாணி மூட்டையை வைத்த இடம் சித்திக் சராயாக இருந்தால், அதைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதில்லை.

அந்தப் பணம் பாலாற்றங்கரையிலிருந்து வந்தது. ஆற்காட்டுக்கு அருகிலுள்ள மேல்விஷாரத்தில் 1863-ல் பிறந்து, தோல் வர்த்தகத்தில் பெரும் பொருளீட்டி, தர்ம காரியங்களில் அதை இறைத்த நவாப் சி. அப்துல் ஹக்கீம் கட்டிய சத்திரம் அது. இடமும் காரணமின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. சராயிலிருந்து சிறிது தூரம் மேற்கே நடந்தால் பெரியமேடு. வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் வந்து விலை பேசப்பட்ட மண்டிகள் அங்கேதான் இருந்தன. பெரியமேட்டைச் சென்னையின் ஒரு பேட்டை என்று சொல்வதைவிடப் பாலாற்றுப் பிரதேசத்தின் கடைசி ஊர் என்று சொல்வதே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

வருஷத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆற்றின் கரையில், தண்ணீரை அவ்வளவு வேண்டும் தொழில் ஏன் வேரூன்றியது என்று கேட்கலாம். மணலுக்கடியில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. கரையோரக் கிணறுகள் வற்றாமல் சுரந்தன. சுற்றியிருந்த வறண்ட மேட்டு நிலங்களில் ஆடு மேய்ந்தது. அதே நிலங்களில் ஆவாரஞ்செடி தானாக வளர்ந்தது. ஜவ்வாது மலைப்பக்கம் கடுக்காய் கிடைத்தது. உப்பிட்டு வந்த தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் சில நாள் கிடத்தி, மயிரை நீக்கி, உட்புறத்து ஊனை வளைந்த கத்தியால் வழித்தெடுத்து, சுண்ணாம்பு போகக் கழுவி, இடித்த ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் மாற்றி மாற்றிப் போட்டு, கடுக்காய்க் கரைசலில் தோய்த்து, எண்ணெய் தடவி நிழலில் உலர்த்தி முடிப்பதற்குள் வாரங்கள் பல சென்றுவிடும். வாணியம்பாடிக்காரர்கள் சர்வசாதாரணமாகத் ‘தோல் ஷாப்’ என்று சொல்லும் அந்த இடங்களில், முழங்கால் வரை அந்நீரில் நின்று வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சேரி மக்கள். முதலீடு செய்தவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள்.

இந்தப் பங்கீட்டுக்குக் காரணம் தோலின்மீது மேல் சாதியார் கொண்டிருந்த அருவருப்பு. அதன் வலிமையை அறிய வேலூர்க் கோட்டைக்குத்தான் போகவேண்டும். சின்ன பொம்மி நாயக்கர் காலத்தது என்று கருதப்படும் அந்தக் கருங்கற் கோட்டையில், 1806 ஜூலை 10-ஆம் தேதி விடியுமுன் கும்பினியின் சிப்பாய்கள் வெள்ளையர்மீது பாய்ந்ததற்கு உடனடிக் காரணம், நெற்றிக்குறியையும் தாடியையும் தடுத்த உத்தரவோடு வந்த புதிய தலைப்பாகை. அதில் தோலால் செய்த சின்னம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள் சிறைவைக்கப்பட்டிருந்ததும் சேர்ந்துகொள்ள, கலகம் மூண்டது. அன்று காலையிலேயே ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த வெள்ளைத் தளபதி கில்லெஸ்பி அதை இரத்தத்தில் அடக்கினார். தலைமீது வைக்கக் கூசிய அதே பொருளை, அடுத்த தலைமுறைகளில் அந்தச் சீமையே உலகத்துக்கு விற்றது என்பது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

விற்பதற்கு வழி செய்தது ரயில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856 ஜூலை 1-ல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு முடிந்த இடம், இராணிப்பேட்டைக்குப் பக்கத்திலுள்ள வாலாஜா ரோடு. பின்னர் அது காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் பாலாற்றை ஒட்டியே மேற்கே நீண்டது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் ஏலத்துக்குப் போயிற்று. 1914-ல் மூண்ட மகாயுத்தத்தின்போது சிப்பாய்களின் பூட்ஸுக்கு அது இன்றியமையாததாகிவிடவே, சர்க்கார் அந்த வர்த்தகத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. யுத்தம் முடிந்த மறுவருஷம், 1919-ல், தோல் வணிகர்களின் ஆதரவோடு வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி ஏற்பட்டது.

ஆவாரத்துக்குப் போட்டியாக வந்தது குரோமியம். சர்க்கார் அதிகாரியான ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் 1903-ல் தொடங்கிய பரிசோதனைகளின் பயனாகக் குரோமியத்தால் பதனிடும் முறை இங்கே பரவியது. வாரக்கணக்கில் நடந்த வேலை நாட்கணக்கில் முடிந்தது. எழுபதுகளில் பதனிடாத தோலின் ஏற்றுமதியைச் சர்க்கார் தடுத்து, அரைகுறையாகப் பதனிட்டதற்கும் கட்டுப்பாடு விதித்தபின், ஆம்பூர் செருப்பும் ஷூவுமாகவே தைத்து அனுப்பக் கற்றுக்கொண்டது. ஆனால் ஆவாரம்பட்டைக் கழிவைப் போலன்றி, குரோமியமும் உப்பும் மணலுக்கடியிலேயே தங்கிவிட்டன. கிணற்று நீர் வாயில் வைக்க முடியாமற்போய், தென்னையும் வயலும் பட்டுப்போக, வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ல் உச்சநீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்று தீர்ப்பளித்து, ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. தொழிலைப் பிழைக்கவைத்த கிணறுகளுக்கு அந்தத் தொகை எம்மாத்திரம்!

சராயில் தங்கும் பிரயாணி ரிப்பன் மாளிகையைப் பார்த்தபின் பெரியமேட்டுக்கும் போய்வரலாம். அங்கே தோல் வியாபாரிகள் கட்டியதாகச் சொல்லப்படும் பழைய பள்ளிவாசல் இருக்கிறது. மாலை வண்டிக்குள் திரும்பிவிடலாம்.