திருவனந்தபுரத்துப் பாறைகள்

கேரளத் தலைநகர் மாவட்டத்தின் அடித்தளம் பெரும்பாலும் உருமாறிய பாறைகளால் ஆனது. இவற்றில் முதன்மையான கொண்டலைட்டு, ஒரு காலத்தில் நீரடியில் படிந்த களிமண் வண்டல். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றிணைந்தபோது, அந்த வண்டல் நிலத்தின் ஆழத்தில் அழுந்தி 800 பாகை செல்சியசுக்கும் மேல் வெந்தது. களிமண் கார்னெட்டாகவும் சில்லிமனைட்டாகவும் மாறியது. அதிலிருந்த கரிமப் பொருள் கிராஃபைட் ஆனது.

பாறை மாறுவதைப் பாதி வழியிலேயே பார்க்க வேண்டுமானால் பொன்முடிக்குப் போக வேண்டும். உலகப் புவியியலாளர்கள் தேடி வரும் இடம் அது. அங்குள்ள கல் குவாரியில் வெளிறிய நைஸ் பாறையின் நடுவே கரும்பச்சைத் திட்டுகள் தெரியும். அவை சார்னோக்கைட்டு. கரியமிலவாயு மிகுந்த, நீர் குறைந்த பாய்மம் ஊடுருவிய இடங்களில் மட்டும் கருமைக்கா சிதைந்து பைராக்சீன் உருவானது என்பது பலர் ஏற்கும் விளக்கம். ஒரே கல்லில் பழையதும் புதியதும் அடுத்தடுத்து நிற்பது அரிய காட்சி.

வர்க்கலையில் கதை வேறு. கடலோரக் குன்றில் மணற்கல், களிமண், பழுப்பு நிலக்கரி அடுக்குகள் உள்ளன. இவை இன்னும் முழுதாகக் கெட்டிப்படாத இளைய படிவுகள். மேலே மழையும் வெயிலும் சேர்ந்து இரும்பையும் அலுமினியத்தையும் மிச்சம் வைத்த செம்பூராங்கல். இக்குன்றை இந்தியப் புவியியல் ஆய்வகம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. அலைகள் அடிவாரத்தைத் தொடர்ந்து அரித்து வருகின்றன.