பிரென்ட்ஸ்டர்: வளர்ச்சியால் நேர்ந்த வீழ்ச்சி

சமூக வலைத்தளங்களுட் பெருந்தொகையினரை முதலில் ஈர்த்தவற்றுள் ஒன்று, கலிபோர்னியாவில் ஜொனதன் ஏப்ரம்ஸ் 2002இல் நிறுவிய பிரென்ட்ஸ்டர். 2003இல் அதனை 3 கோடி டொலருக்கு வாங்கக் கூகிள் முன்வந்தது, அவர் மறுத்தார். அம்மறுப்பையே வீழ்ச்சிக்குக் காரணமாகக் கொள்வோர் உளர். அது மேலோட்டமான கருத்தாகும்.

காரணம் கணக்கிலே இருந்தது. உறுப்பினரின் பக்கம் திறக்குந்தோறும், நண்பரின் நண்பர் என நான்கு படிவரை தொடர்புகளைக் கணனி தேட வேண்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் நூறு நண்பரெனின், ஒருவரே இருமுறை வருவதை நீக்காவிடின், நான்காம் படியில் அத்தொகை 10 கோடியாகும். உறுப்பினர் பெருகப் பெருகச் சேவை தளர்ந்தது. ஒரு பக்கம் திறக்கச் சிலவேளை 40 செக்கன்கள் சென்றன. நிருவாகத்தினரோ புதிய வசதிகளைப் பற்றியே பெரிதும் ஆராய்ந்தனர். காத்திருக்க விரும்பாத அமெரிக்க இளைஞர் மைஸ்பேசை நாடினர்.

2004 பெப்ரவரியில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பேஸ்புக் வேறு வழியிற் சென்றது. ஒவ்வொரு பல்கலைக்கழகமாகவே அது திறக்கப்பட்டது. ஒவ்வொன்றின் தரவுகளும் தனித்தனியே வைக்கப்பட்டமையால் கணக்கும் எல்லைக்குள் நின்றது. 13 வயது நிரம்பிய எவருஞ் சேரலாம் என்ற நிலை 2006 செப்டெம்பரிலேயே வந்தது. பிரென்ட்ஸ்டருக்குத் தென்கிழக்காசியாவிற் செல்வாக்கு நெடுநாள் நீடித்தது. எனினும் அது 2011இல் விளையாட்டுத் தளமாக மாறி, 2015இல் நின்றுபோயிற்று.