இந்திய பொல்ஷவிக்-லெனினிஸ்ட் கட்சி: ஒரு வரலாற்று நோக்கு

இடதுசாரி இயக்க வரலாறுகளிற் சில வரிகளுள் அடக்கப்பட்டுவிடும் சிறு கட்சிகளுள் ஒன்று, 1942 முதல் 1948 வரை இயங்கிய இந்திய பொல்ஷவிக்-லெனினிஸ்ட் கட்சியாகும். ஆறாண்டுகளே வாழ்ந்த இக்கட்சியை அதன் தோல்வியைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் பொருந்தாது என்பது எமது கருத்து.

இலங்கையில் 1935 இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சி, இரண்டாம் உலகப் போரை ஏகாதிபத்தியப் போரெனக் கொண்டு எதிர்த்தது. அதனால் 1940 இல் அதன் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். 1942 ஏப்ரலிற் கண்டிச் சிறையினின்றும் தப்பிய பிலிப் குணவர்த்தனா, என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா ஆகியோர் பின்னர் இரகசியமாக இந்தியா சென்றனர். இந்திய ட்ரொட்ஸ்கியக் குழுக்களும் இலங்கைச் சமசமாஜிகளும் இணைந்து அவ்வாண்டிலேயே புதிய கட்சியை அமைத்திருந்தனர். ஒரே ஏகாதிபத்தியத்தின் கீழ் அமைந்த இரு நாடுகளின் புரட்சியும் ஒன்றே, இந்தியப் புரட்சியினின்றும் பிரிந்து இலங்கைப் புரட்சி வெற்றிபெற இயலாது என்பதே இக்கட்சியின் அடிப்படைக் கோட்பாடு.

1942 ஓகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வெடித்தபோது, 'மக்கள் யுத்தம்' என்னும் நிலைப்பாட்டை மேற்கொண்டிருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அதனை எதிர்த்தது. பொல்ஷவிக்-லெனினிஸ்டுகளோ காங்கிரசின் தலைமையை ஏற்காத போதிலும் போராட்டத்தை ஆதரித்தனர். அடக்குமுறை அவர்களையும் விட்டுவைக்கவில்லை. பிலிப்பும் பெரேராவும் 1943 இற் பம்பாயிற் கைதாகினர்.

எனினும், சென்னைத் தொழிலாளரிடையே கட்சி வேரூன்றியமை மனங்கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணத்தவரான எஸ். சி. சி. அந்தோனிப்பிள்ளை 1946 இற் சென்னைத் தொழிற்சங்கத்தின் தலைவரானார். 1947 இல் பக்கிங்ஹாம்-கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் நடத்திய நீண்ட வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியதும் இச்சங்கமே.

ஆயின், 1947 இல் இந்தியாவும் 1948 இல் இலங்கையும் தனித்தனி அரசுகளாயின. கட்சியின் கோட்பாடு சார்ந்துநின்ற ஒரே ஏகாதிபத்தியச் சட்டகம் அத்துடன் மறைந்தது. இந்தியக் கட்சி 1948 இற் சோசலிஸ்ட் கட்சியுட் கலந்தது. 1947 பொதுத்தேர்தலில் ஐந்து ஆசனங்களைப் பெற்றிருந்த இலங்கைக் கிளை, 1950 இற் சமசமாஜக் கட்சியுடன் மீண்டும் இணைந்தது. அதே 1948 இல் நிறைவேறிய இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. இடதுசாரிகள் அதனை எதிர்த்து வாக்களித்தனராயினும் தடுக்க இயலவில்லை. ஒரே வர்க்கமெனக் கட்சி கண்ட உழைப்பாளரை எல்லைக்கோடு பிரித்துவிட்டது.

பின்னாளில், பௌத்தத்துக்கு முதன்மையும் சிங்களத்துக்கு அரசகரும மொழி நிலையும் வழங்கிய 1972 ஆம் ஆண்டு யாப்பின் ஆக்கத்திற் பொறுப்பு வகித்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வாவே. இம்மாற்றத்தைத் தனிமனிதரின் தவறாக மட்டும் காண்பது போதாது. பாராளுமன்றப் பெரும்பான்மையை நாடிய இடதுசாரி இயக்கம் எல்லை கடந்த வர்க்க ஒருமையை எவ்வாறு படிப்படியாகக் கைவிட்டது என்பதே ஆராயப்பட வேண்டிய வினா. அவ்வினாவை எழுப்ப உதவுவதனாலேயே இச்சிறு கட்சியின் வரலாறு நமக்கு முக்கியமாகின்றது.